2025ஆம் ஆண்டிற்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நம் கணினி ஆர்வலர் மன்றத்தின் 2025ஆம் ஆண்டு நடவடிக்கைகளைப் பொதுக்கூட்டத்தின் ஒப்புதலுக்காக முன்வைக்கிறேன்.

சனவரியில் பொங்கல் ஒன்றுகூடல் நடைபெற்றது. ஏப்ரலில் தமிழ்மொழி விழாவையொட்டி மாணவர்களுக்குக் குறும்படப் பயிலரங்கு நடத்தினோம். தீபாவளி விருந்திற்கு வழக்கம்போல் நல்ல கூட்டம்.

ஆண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது, பழைய கணினிகள் பலவற்றைச் சேர்த்துப் பட வேலைகளுக்குப் பயன்படுத்துவதற்காக, கணினியில் நிறுவாமல் தம்ப்டிரைவிலிருந்தே இயங்கும் நமக்கான ‘லைவ்’ இயங்குதளத்தை உருவாக்கும் பணி. இதற்கு மன்றப் பணத்தைச் செலவிட வேண்டுமா என்று சென்ற கூட்டத்தில் கேட்கப்பட்டதால் சற்று விரிவாகவே பதிலளிக்கிறேன். விண்டோஸ் 10க்கான ஆதரவு அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிவதை முன்னிட்டு, அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகள் சில உறுப்பினர்கள் வழியாக நமக்கு இலவசமாகக் கிடைத்தன. தரவுப் பாதுகாப்பு கருதி அவற்றின் வன்தட்டுகளைக் கழற்றிக்கொண்டுதான் கொடுத்தார்கள். வன்தட்டு இல்லாத கணினியை ஓட்டுவதற்கு லைவ் இயங்குதளத்தை விட்டால் சிக்கனமான வழி வேறில்லை.

இம்முயற்சி புதிதன்று. ஜெர்மனியின் கிளாவுஸ் நாப்பர் 2000இல் தொடங்கிய நாப்பிக்ஸ், நிறுவாமலேயே குறுந்தட்டிலிருந்து லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை இயக்கும் வழக்கத்தைப் பரப்பியது. பின்னர் வந்த டைன்போலிக், ஒலி, காணொளி மென்பொருள்களோடு பல கணினிகளை ஒன்றுபோல் இயக்கும் ஓப்பன்மோசிக்ஸ் கிளஸ்டர் ஏற்பாட்டையும் ஒரே தட்டில் தந்தது. வேலைப்பளு மிகுந்த கணினியிலிருந்து ஓய்வாக இருக்கும் கணினிக்கு வேலையைத் தானாகவே மாற்றிவிடும் ஓப்பன்மோசிக்ஸ் 2008இல் மூடப்பட்டது. ஒரே சில்லில் பல கோர்கள் (கணக்கிடும் பகுதிகள்) வந்துவிட்டதால் அதன் தேவை குறைந்துவிட்டது என்பதே சொல்லப்பட்ட காரணம். புதிய கணினி ஒன்றை வாங்கிவிட்டால் போதாதா என்று நம் உறுப்பினர்கள் கேட்பதும் அதே வாதம்தான். வாங்கப் பணம் இருந்தால் நானும் அப்படித்தான் சொல்வேன்.

ஓப்பன்மோசிக்ஸ் மூடப்பட்டுவிட்டதால், வேலையைத் தானாக இடம்மாற்றும் ஏற்பாட்டை விட்டுவிட்டு, வேலையைத் துண்டுபோட்டுப் பகிரும் முறையைக் கையாண்டோம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் லைவ்-பில்ட் கருவியைக் கொண்டு பிளெண்டர் (முப்பரிமாண அசைபடம்), கேடென்லைவ் (காணொளித் தொகுப்பு), ஆர்டர் (ஒலித் தொகுப்பு), எஃப்எஃப்எம்பெக் (காணொளி மாற்றம்) ஆகிய மென்பொருள்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஒரே படிமத்தில், அதாவது இயங்குதளம் முழுவதும் அடங்கிய ஒரே கோப்பில், அடக்கினோம். ஒரு கணினி தம்ப்டிரைவிலிருந்து எழும். மற்றவை, வலையமைப்பிலிருந்தே கணினியைத் தொடங்கும் பிஎக்ஸ்இ முறையில், அதனிடமிருந்து கம்பிவழி எழும். நினைவகம் போதுமான கணினிகள் படிமம் முழுவதையும் நினைவகத்திற்கே இறக்கிக்கொள்ள, 4 ஜிபி மட்டுமே உள்ளவை அதை என்எஃப்எஸ் என்ற வலைவழிக் கோப்புப் பகிர்வு வழியாகப் படிக்கின்றன. பிளெண்டரில் ‘பிளேஸ்ஹோல்டர்’ பெட்டியை டிக் செய்து, ‘ஓவர்ரைட்’ டிக்கை எடுத்துவிட்டால், ஒவ்வொரு கணினியும் தான் எடுத்துக்கொண்ட சட்டகத்தின் (ஃபிரேம்) பெயரில் முதலில் ஒரு வெற்றுக் கோப்பைப் பொதுக்கோப்புறையில் போட்டுவிடும். அதைக் கண்ட மற்றவை அடுத்த சட்டகத்திற்குப் போய்விடும். மேற்பார்வைக்குத் தனி மென்பொருள் தேவைப்படவில்லை. காணொளிகளையும் இவ்வாறே துண்டுகளாக்கினோம். ஒலியை மட்டும் துண்டாக்காமல் ஒரே கணினியில் முடித்தோம், ஏனெனில் ஏஏசி என்ற சுருக்க வடிவிலான ஒலித் துண்டுகளை ஒட்டும் இடத்தில் சிறு இடைவெளி விழுந்து காதை உறுத்துகிறது.

தமிழ் எழுத்துகள் தந்த தொல்லையைத் தனியாகச் சொல்ல வேண்டும். டெபியன் 12இல் இருந்த எஃப்எஃப்எம்பெக் 5.1 கொண்டு தலைப்பெழுதினால், ‘கொ’ என்பதில் கொம்பு ககரத்திற்குப் பின்னால் போய் நின்றது. மாணவர் ஒருவரின் படத் தலைப்பே இப்படிக் கோணலாக வந்தது. ஆகஸ்டில் டெபியன் 13 வெளியானதும் முழுப் படிமத்தையும் அதன்மேல் மீண்டும் கட்டினோம், அதிலுள்ள 7.1 பதிப்பில் கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. சிலர் கிண்டலாகக் குறிப்பிட்ட “செயலாளரின் இரண்டாம் சுற்று” இதுதான்.

சனிக்கிழமைச் சோதனைகளுக்கு வருவதாக வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் காட்டியோர் பலர். நேரில் வந்து கம்பி பிடித்தோர் மிகச் சிலர். அவர்களுக்கு மனமார்ந்த நன்றி. இடம் தந்த சமூக மன்றத்திற்கும், கணினிகளைத் தம் காரிலேயே ஏற்றிவந்த துணைத்தலைவருக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

கணக்கைப் பொறுத்தவரை, வரவும் செலவும் ஏறக்குறைய ஈடாகவே உள்ளன. சுவிட்ச், கம்பிகள், தம்ப்டிரைவுகள் ஆகியவற்றின் செலவு ‘கருவிகள்’ என்ற தலைப்பில் அடங்கும். விவரம் வேண்டுவோர் பொருளாளரை அணுகலாம். சந்தா செலுத்தியோர் பட்டியலும் தீபாவளி விருந்துக்கு வந்தோர் பட்டியலும் சற்றும் ஒத்துப்போகவில்லை என்பதை மட்டும் பதிவுசெய்கிறேன்.

வரும் ஆண்டைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். படிமம், படிக்க மட்டுமே முடிந்த, மாற்றி எழுத முடியாத ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற கோப்பு வடிவில் இருப்பதால், பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்போதெல்லாம் அதைப் புதிதாகக் கட்டியாக வேண்டும். அதற்கான கோப்புகள் இப்போது என் வீட்டுக் கணினியில் மட்டுமே உள்ளன. கட்டத் தெரிந்தவரும் நான் ஒருவன்தான். செயலாளர் பொறுப்பில் தொடர்வதா என்று நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. லினக்ஸில் கைப்பழக்கமுள்ள இளையர் இருவர் முன்வந்தால் முடிவெடுப்பது எளிதாகும். நிலுவைச் சந்தாவைப் பேநவ் மின்பணப் பரிமாற்றம் வழியாகவும் செலுத்தலாம். பொருளாளர் கூட்டம் முடியும்வரை வாசலருகே மேசையில் இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்