மாற்றிய கண் சிவந்தால் அது சாதாரண கண்நோய் அல்ல: திருகோணமலைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பணிப்பாளர் அவர்களுக்கும், மாவட்டத்தின் வெளிநோயாளர் பிரிவுகளில் கடமையாற்றும் வைத்தியர்களுக்கும்,

மூதூர்ப் பக்கத்தில் வயல் செய்த என் தகப்பனாரின் இடது கண்ணில், சூடடிக்கும்போது பறந்த உமி பட்டுப் பங்கசுத் தொற்று உண்டாகி, புண் ஆறிய பின்பும் விழிவெண்படலத்தில், அதாவது கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற படலத்தில், தழும்பு நிலைத்துவிட்டது. கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். சில வருடங்கள் காத்திருந்து, கொழும்பில் விழிவெண்படல மாற்றுச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். யாரோ ஒருவர் இறந்தபின் கொடுத்துச் சென்ற, அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள அந்தத் திசுவினூடாக அவர் ஏழு மாதம் பார்த்தார். உர மூட்டையில் அச்சிட்டிருந்த திகதியைத் தானே வாசித்தார். எட்டாம் மாதம் அந்தப் பார்வை போயிற்று. அது போன விதத்தைச் சொல்லவே எழுதுகிறேன். தனியொருவரைக் குற்றஞ்சாட்டுவது நோக்கமல்ல என்பதால் எந்த வைத்தியசாலையின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கண் இலேசாகச் சிவந்து நீர் வடிந்தது. வலி இல்லை. வெளிநோயாளர் பிரிவில், நெரிசலுக்கு நடுவே, டோர்ச் வெளிச்சத்தில் பார்த்த வைத்தியர் கிருமிகொல்லிச் சொட்டுமருந்து எழுதித் தந்து, அடுத்த கிளினிக் நாளில் காட்டச் சொன்னார். சத்திரசிகிச்சை செய்த கண்ணா என்று அவர் கேட்கவில்லை. கையில் இருந்த கிளினிக் கொப்பியை நாங்களும் எடுத்துக் காட்டவில்லை. கொழும்புக்குப் போக இன்னும் பன்னிரண்டு நாள்தானே இருக்கிறது என்று சொன்னவன் நான்தான். மூன்றாம் நாள் தையலோரத்தில் வெள்ளைப் புள்ளி தெரிந்தது. நான்காம் நாள் இரவு பஸ் ஏறினோம். தளர்ந்த ஒரு தையல் வழியாகப் புகுந்த பக்ரீரியா கண்ணின் உட்புறம்வரை போய்விட்டதாகக் கொழும்பில் சொன்னார்கள். கண்ணுக்குள் மீண்டும் மீண்டும் ஊசிமருந்து ஏற்றி விழியை மட்டும் காப்பாற்றினார்கள். இப்போது அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் மாத்திரம் தெரிகிறது.

அதன்பின் கண் வைத்தியர்களிடம் கேட்டு நான் விளங்கிக்கொண்டவை, எங்கள் மாவட்டத்தின் ஒவ்வொரு வெளிநோயாளர் பிரிவிலும் தெரிந்திருக்க வேண்டியவை. விழிவெண்படலத்தை வெட்டி மாற்றும்போது அதன் நரம்புகளும் அறுபடுகின்றன. ஆகவே மாற்றிய கண்ணில் வலி இல்லை என்பது ஆறுதலுக்குரிய அடையாளமே அல்ல. உடல் அந்தத் திசுவை நிராகரிக்காதிருக்க மாதக்கணக்கில் இடப்படும் ஸ்டீரொயிட் சொட்டுமருந்து, தொற்றுக்கு எதிரான உடலின் தற்காப்பையும் தணித்து, சிவப்பையும் வீக்கத்தையும் மறைத்துவிடுகிறது. தலைமயிரை விட மெல்லிய நைலோன் தையல்கள் ஒரு வருடமோ அதற்கு மேலோ கண்ணிலேயே இருக்கும். அவற்றில் ஒன்று தளர்ந்தாலும் அதில் சளி படிந்து கிருமிக்கு வாசலாகிவிடும்.

இவற்றை விடவும் கவலைக்குரியது வேறொன்று. மாற்றிய கண் சிவந்து, வெளிச்சத்துக்குக் கூசி, பார்வை மங்கினால் அது கிருமித்தொற்றாகவும் இருக்கலாம், திசு நிராகரிப்பாகவும் இருக்கலாம். நிராகரிப்புக்கு ஸ்டீரொயிட்டைக் கூட்ட வேண்டும். தொற்று இருக்கும்போது, குறிப்பாகப் பங்கசுத் தொற்றில், அதே மருந்து கண்ணைக் கெடுத்துவிடும். நாடியை ஊன்றி வைத்துப் பார்க்கும் ஸ்லிட் லாம்ப் என்ற கண் பரிசோதனைக் கருவி இல்லாமல், டோர்ச் வெளிச்சத்தில் இதைத் தீர்மானிக்க எந்தத் திறமைசாலியாலும் முடியாது. மேலும், கண்ணிலிருந்து மாதிரியைச் சுரண்டி எடுப்பதற்கு முன்பே கிருமிகொல்லி இட்டுவிட்டால் ஆய்வுகூடத்தில் கிருமி வளராமல் போகக்கூடும். எந்தக் கிருமி என்று தெரியாமலே வைத்தியம் செய்ய நேரிடும். நல்லெண்ணத்தோடு தரப்படும் ஒரு போத்தல் மருந்து பாதையை அடைத்துவிடுவது இப்படித்தான். (கடைகளில் வைத்தியரின் துண்டு இல்லாமலே விற்கப்படும், ஸ்டீரொயிட் கலந்த சொட்டுமருந்துகளைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுத வேண்டும்.)

ஆகவே பணிப்பாளர் அவர்களே, புதிய கட்டடமோ புதிய இயந்திரமோ நான் கேட்கவில்லை. விழிவெண்படலம் மாற்றியவர் எவராயினும், அவர் ஈச்சிலம்பற்றிலிருந்து வந்தாலும் குச்சவெளியிலிருந்து வந்தாலும், கண் சிவந்தது என்று சொன்ன அன்றைக்கே கண் வைத்திய நிபுணரிடம் அனுப்பப்பட வேண்டும் என்று ஓர் எழுத்துமூலப் பணிப்புரை வழங்குங்கள். நிபுணர் விடுமுறையில் இருக்கும் நாட்களில் எந்த வைத்தியசாலைக்கு, யாருடன் தொலைபேசியில் பேசிவிட்டு அனுப்புவது என்பதும் அதிலேயே இருக்கட்டும்; சத்திரசிகிச்சை செய்த பிரிவின் தொலைபேசி எண்ணை நோயாளியின் கிளினிக் கொப்பியின் முன்னட்டையில், தமிழிலும் சிங்களத்திலும், பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். மருந்தின் மீதும் கண் வையுங்கள். 2023இல் நுவரெலியாவில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்தவர்கள் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் சொட்டுமருந்து இட்டபின் பார்வை பாதிக்கப்பட்ட செய்தியை நாடே அறியும். என் தகப்பனார் போன்றவர்கள் நாள்தோறும் நம்பியிருப்பதும் அந்த வகை மருந்தைத்தான்.

வைத்தியர்களிடம் கேட்பது இன்னும் சிறியது. சிவந்த கண்ணோடு வருபவரிடம், மருந்து எழுதுவதற்கு முன், இந்தக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்ததா என்று கேளுங்கள். ஆம் என்றால், அவரைக் கிளினிக் நாள்வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
மூதூர்ப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு நோயாளியின் மகன்