விடுதியும் மெஸ் நோட்டும்

பொள்ளாச்சி

அன்பு மாப்பிள்ளைக்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து, காலையில் தோட்டம் வரை நடக்கிறாய் என்றறிந்து மகிழ்ந்தேன். இங்கே எல்லோரும் நலம்.

சென்ற மாதம் பேத்தியைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விடுதியில் சேர்த்துவிட்டு வந்தேன். அவள் சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு போனதைப் பார்த்தபோது, 1972இல் தகரப் பெட்டியைத் தலையிலும் சுருட்டிய பவானி ஜமக்காளத்தைக் கக்கத்திலும் வைத்துக்கொண்டு நான் வந்து நின்றதும், ஜன்னலோரக் கட்டிலை நீ எனக்கு விட்டுக்கொடுத்ததும் நினைவுக்கு வந்தன.

அன்றிலிருந்து ஓர் எண்ணம் மனத்தைவிட்டு நீங்கவில்லை. நாம் படித்த இந்தப் பல்கலைக்கழகம் 1868இல் சைதாப்பேட்டையில் வேளாண்மைப் பள்ளியாகத் தொடங்கி, 1906இல் கோவைக்கு இடம்பெயர்ந்து, 1920இல் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, 1971இல் தனிப் பல்கலைக்கழகமான வரலாற்றை எவரும் சொல்லிவிடுவார்கள். அந்த மாணவர்கள் எங்கே படுத்தார்கள், யாரோடு அமர்ந்து உண்டார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லையே என்பதுதான் என் கவலை. ஒரு நாளைக்கு இரண்டு பேருந்துகள் மட்டுமே வந்துபோன மானாவாரி ஊர்களிலிருந்து புறப்பட்ட நம்மைப் போன்றவர்களுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததைவிட விடுதியில் அறை கிடைத்ததே பெரிது. அறை இல்லையென்றால் படிப்பும் இல்லை.

சேர்ந்து உண்பதும் இந்த நாட்டில் தானாக வந்துவிடவில்லை. 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனிப்பந்தி நடந்ததை எதிர்த்து நம் ஈரோட்டுப் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எவ்வளவு போராட வேண்டியிருந்தது! அதற்கு ஐம்பது ஆண்டுகள் கூட ஆகாத காலத்தில், பக்கத்தில் இருப்பவன் எந்தச் சாதி என்று கேட்காமல் நாம் ஒரே வரிசையில் தட்டேந்தி நின்றோம். அரசு நலவிடுதிகளுக்குச் ‘சமூகநீதி விடுதி’ என்று 2025இல் பெயர் சூட்டியபோது எனக்கு அந்த வரிசைதான் கண்ணில் தெரிந்தது.

நீ மாணவர்கள் சார்பில் சாப்பாட்டுக் கணக்கைக் கவனிக்கும் மெஸ் ரெப்பாக இருந்த ஆண்டை நான் மறக்கமாட்டேன். டிவைடிங் முறைப்படி, மாதச் செலவு முழுவதையும் எல்லோரும் சாப்பிட்ட நாள்களின் கூட்டுத்தொகையால் வகுத்து, அவரவர் நாள்களுக்கு ஏற்பப் பில் போடுவாய். காங்கயம் பக்கத்து நண்பன் ஒருவன் வெள்ளிக்கிழமைதோறும், சாப்பிடாத நாள்களைக் கணக்கில் கழிக்கச் சொல்லும் ‘ரிடக்‌ஷன்’ எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனதை, அம்மாவைப் பார்க்கும் ஆசையென்று நாங்கள் நினைத்தோம். நோட்டில் பென்சிலால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நீ மட்டும், அவன் பில்லைக் குறைக்கவே பட்டினி நாள்களைத் தேடிக்கொள்கிறான் என்று கண்டுகொண்டாய். அவனிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், காய்கறி வாங்கும் பொறுப்பை மட்டும் கொடுத்தாய். அவன் விவசாயி மகன். மண்டிக்குப் போகாமல் தொண்டாமுத்தூர்த் தோட்டங்களுக்கே சைக்கிளில் போய்க் கத்தரிக்காயும் தக்காளியும் பேசி முடித்துவந்தான். அடுத்த மாதம் எல்லோருக்கும் பில் குறைந்தது. அவனும் சனி, ஞாயிறுகளில் நம்மோடு தங்கத் தொடங்கினான்.

இதைவிடச் சிறந்த பல்கலைக்கழக வரலாறு எது, சொல்? சுவர்களை இடித்துப் புதுக்கட்டடம் எழுப்பலாம். அந்தக் கணக்கு தெரிந்தவர்கள் போய்விட்டால் திரும்ப எழுத முடியாது. ஆகவே நம் வகுப்பு நண்பர்கள் ஒவ்வொருவரிடமும் அறை எண், மெஸ், கூட இருந்தவர் ஆகிய விவரங்களைக் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை பதினோரு பேர் பதில் எழுதியிருக்கிறார்கள்.

அந்த நீல அட்டை போட்ட மெஸ் நோட்டு உன் பரணில் இருக்கிறது என்று ஒருமுறை சொன்னாய். மாசி பிறந்ததும் நான் தாராபுரம் வருகிறேன். அதற்குள் அதை இறக்கி, தூசு தட்டி வை.

அன்புடன்,
உன் அறைத்தோழன்