சோளகத்துக்கு முன்னம் வரவேண்டிய கப்பல்

யாழ்ப்பாணம்,
ஞாயிறு பின்னேரம்

அன்பின் மச்சான்,

உன் மகள் தன் ஆய்வுக்காக அனுப்பிய வினாக்கொத்து வந்தது. "அங்கிள், நேரம் கிடைக்கும்போது நிரப்பி அனுப்புங்கோ" என்று எழுதியிருந்தாள். எரிசக்தித் துறையில் பெறுகைத் திட்டமிடலும் நிறுவனச் செயலாற்றுகையும் என்பது தலைப்பு. பெறுகை என்றால் நிறுவனத்துக்குச் சாமான் வாங்குவதுதான். வாசித்ததும் எனக்குக் கந்தோர் வாசம் அடித்தது. முப்பத்திரண்டு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம். 'எமது நிறுவனம் வருடாந்தப் பெறுகைத் திட்டம் தயாரிக்கிறது': முற்றாக உடன்படுகிறேன். 'திட்டம் உரிய காலத்தில் அங்கீகரிக்கப்படுகிறது': முற்றாக உடன்படுகிறேன். பத்து நிமிசத்தில் அனுப்பியும் விட்டேன். அப்புறம்தான் மனம் கேட்கவில்லை. எழுதியதில் ஒரு பொய்கூட இல்லை. ஆனால் அதைப் பார்த்து நான் வேலை செய்த இடம் ஒழுங்காக நடந்தது என்று பிள்ளை நினைத்தால், அது பெரிய பொய்.

அந்த இடத்தின் பெயர் இங்கே வேண்டாம், உனக்குத்தான் தெரியுமே. ஒவ்வொரு டிசம்பரும் திட்டம் போடுவோம். போடுவது என்றால், போன வருசக் கோப்பைத் திறந்து வருசத்தை மாற்றி, விலையோடு நூற்றுக்குப் பத்தைக் கூட்டிக் கையெழுத்து வைப்பது. ஒருமுறை புதிதாக வந்த பொறியியலாளர்ப் பொடியன் ஒருத்தன், "சேர், ஆறாம் நம்பர் மெசினுக்கு வடிகட்டி கேட்டிருக்கிறோம். ஆறாம் நம்பர் எங்கே நிற்கிறது?" என்று கேட்டான். அது பழைய இரும்புக்குப் போய் மூன்று வருசம். அது இருந்த கொங்கிறீற் மேடையில் காவலாளி மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

அதே வருசம் ஓடிக்கொண்டிருந்த மெசின் ஒன்றுக்கு இன்ஜெக்டர் நொசில் பழுதானது. உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான். திட்டத்தில் அது இல்லை. மூன்று கூறுவிலை (கொட்டேசன்) வேண்டும், வந்தது இரண்டு. திரும்பக் கேட்டோம். மூன்றாவது வந்தபோது முதலாவதின் செல்லுபடிக் காலம் முடிந்திருந்தது. ஒன்பது கிழமை மெசின் நின்றது, வாடகை ஜெனரேற்றர் ஓடியது. கடைசியில் குழு அறிக்கையில் ஒரு வரி எழுதினோம்: 'மதிப்பீட்டை விடக் குறைந்த விலையில் கொள்வனவு செய்யப்பட்டது.' அதுவும் உண்மைதான். நொசில் கணக்கில் மிச்சம். வாடகைக் காசு வேறு தலைப்பில், வேறு ஒருவரின் கையெழுத்தில் போனது. இரண்டையும் ஒரே தாளில் எழுதும்படி யாரும் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.

இதையே பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் பிள்ளையை நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தைப் பார்க்கச் சொல்லு. புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டிக்குப் போகிற வழியில், 300 மெகாவாட் வீதம் மூன்று இயந்திரங்கள், மொத்தம் 900. முதலாவது 2011 இல் ஓடத் தொடங்கியது, மற்ற இரண்டும் 2014 இல் முடிந்தன. நாட்டிலேயே பெரிய மின்நிலையம் அதுதான். ஆனால் நிலக்கரிக் கப்பல் கரைக்கு வர முடியாது. நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்க, பார்ஜ் என்கிற தட்டைப் படகுகளில் இறக்கி, கடலுக்குள் நீளும் இறங்குதுறைக்குக் கொண்டுவர வேண்டும். சோளகம், அதுதான் தென்மேற்குப் பருவக்காற்று, எழும்பினால் அந்தக் கடலில் பார்ஜ் நிற்காது. ஆகவே புரட்டாசி, ஐப்பசியில் தொடங்கிச் சித்திரைக்குள் இறக்குகிறதை எல்லாம் இறக்கிவிட வேண்டும். வருசத்துக்கு ஏறத்தாழ இருபத்திரண்டு இலட்சம் தொன். கப்பலுக்கு 60,000 தொன் என்று பார்த்தால் 37, 38 கப்பல். மூன்று இயந்திரமும் முழுதாக ஓடினால் ஒரு கப்பல் கரி எட்டு நாளைக்குக்கூடப் போதாது. இப்போது நீயே பின்னுக்கு எண்ணிப் பார். ஐப்பசியில் முதல் கப்பல் நிற்க வேண்டுமென்றால் எப்போது கேள்வி மனு (டெண்டர்) கோர வேண்டும்? தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு இருக்க வேண்டும், அமைச்சரவை நியமித்த பெறுகைக் குழு கூட வேண்டும், தோற்றவர் மேன்முறையீடு செய்வார், பிறகு அமைச்சரவை அனுமதி, பிறகு வங்கியில் எல்.சி. திறப்பது, அதாவது விற்பவருக்குக் காசு வரும் என்று வங்கி உத்தரவாதம் கொடுப்பது. அதற்குப் பிறகுதான் இந்தோனேசியாவிலோ தென்னாபிரிக்காவிலோ ஒரு கப்பலில் கரி ஏறும்.

நம் ஊர்க் கடற்தொழிலாளி காற்று பெயர முன்னமே வலையைத் தைத்து வைத்திருப்பார். கோப்புக்குக் காற்று தெரியாது. ஒரு மேசையில் மூன்று கிழமை கிடந்தால் அது மூன்று கிழமைத் தாமதம் என்று நினைக்கிறோம். பருவம் மூடுகிற நேரத்தில் மூன்று கிழமை என்பது சில கப்பல்கள், அவ்வளவையும் அடுத்த பருவம்வரை இறக்க முடியாது. அந்த இடைவெளியை மழைத் தண்ணீரில் ஓடும் நீர்மின் நிரப்பினால் தப்பினோம். காசல்றீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் பக்கம் மழை பொய்த்தால் டீசலையும் உலை எண்ணெயையும் எரிக்க வேண்டும், அதன் விலை மடங்குக் கணக்கு. அந்தக் காசை எவரும் கேள்வி மனுக் கோப்பில் எழுத மாட்டார்கள்.

2022 ஐயும் இதற்குள் போட்டுக் குழப்ப வேண்டாம் என்று அவளுக்குச் சொல்லு. மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் இருட்டில் இருந்தோமே, அன்று நாட்டில் டொலர் இல்லை, நீர்த்தேக்கங்களிலும் தண்ணீர் குறைவு. எவ்வளவு நல்ல திட்டம் போட்டிருந்தாலும் வங்கி எல்.சி. திறக்காவிட்டால் கப்பல் வராது. எல்லாக் குற்றத்தையும் பெறுகைப் பிரிவின் தலையில் கட்டுவதும் சோம்பேறித்தனம்தான். (நிலக்கரி நிலையத்தைச் சம்பூரில் போட்டிருந்தால் திருகோணமலைத் துறைமுகம் கைக்குள் என்று இப்போதும் சிலர் பேசுவார்கள். அந்தத் திட்டம் 2016 இல் கைவிடப்பட்டது. போரில் இடம்பெயர்ந்த சம்பூர்ச் சனம் ஊர் திரும்பப் பட்ட பாடு தெரிந்தவர் அப்படி இலேசாகப் பேச மாட்டார்.)

என்னைக் கேட்டால், வினாக்கொத்தில் இருக்கிற முப்பத்திரண்டில் பாதியை வெட்டிவிட்டு இரண்டு கேள்வி போடலாம். போன வருசத் திட்டத்தில் இருந்த சாமான்களில் எத்தனை, எழுதிய மாதத்தில் களஞ்சியத்துக்கு வந்தன? வராததால் ஏற்பட்ட செலவு யாருடைய கணக்கில் விழுந்தது? இதற்கு ஐந்து கட்டம் போதாது, களஞ்சியப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். திறக்க விட மாட்டார்கள். விடாவிட்டால் அதையும் ஆய்வில் எழுதட்டும்.

சரி, வீட்டுச் சேதி. கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை நிறையக் காய்த்தது, பாதியை வௌவால் தின்றது. முழங்கால் நோ அப்படியே இருக்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதாகச் சொன்னாய், வரும்போது அந்த முழங்கால் உறை இன்னொன்று வாங்கி வா. பெரிய அளவு. போன முறை நீ கொண்டுவந்தது சின்னன், அதைப் பேரன் போட்டுக்கொண்டு கிரிக்கெட் விளையாடித் திரிகிறான்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்