மசாகோ நொசாவாவும் நம் வானொலிக் கலைஞர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நம் பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் ஜப்பானியக் கார்ட்டூன்களுக்குப் பின்னாலுள்ள குரல் கலைஞர்களைப் பற்றியும் தங்கள் கலைப் பக்கத்தில் எழுத வேண்டும். அவர்களுள் மூத்தவரான மசாகோ நொசாவா 1936ஆம் ஆண்டு டோக்கியோவில் பிறந்து, குழந்தை நட்சத்திரமாக நடிக்கத் தொடங்கியவர்.

ஜப்பானியத் தொலைக்காட்சியின் ஆரம்ப காலத்தில் வெளிநாட்டுப் படங்களுக்கான குரல் ஒளிபரப்பின்போதே நேரலையாகக் கொடுக்கப்பட்டதால், தவறினால் திருத்த வழியில்லாத அப்பணியைச் சிறுவர்களிடம் ஒப்படைக்கத் தயங்கினார்கள். சிறுவர் பாத்திரங்கள் நடிகைகளைத் தேடி வந்தன. நொசாவாவின் பாதையும் அப்படியே திறந்தது. 1968இல் கிதாரோ என்ற பேய்ச் சிறுவனுக்குக் குரலானார்.

1986இல் தொடங்கிய 'டிராகன் பால்' கார்ட்டூன் தொடரின் நாயகனான சிறுவன் கோகுவுக்கும் அவரே குரல் கொடுத்தார்; கோகு வளர்ந்து தந்தையான பிறகும் அந்தக் குரல் மாறவில்லை. கோகுவின் மகன்களான கோஹான், கோட்டென் இருவருக்கும் அவரே பேசியதால், தந்தையும் பிள்ளைகளும் உரையாடும் காட்சியில் மூவரின் வயதையும் மனநிலையையும் ஒரே தொண்டை பிரித்துக் காட்டுகிறது. இதை நான் நடிப்பின் உச்சம் என்றே மதிக்கிறேன். 2024 ஒக்டோபரில், 88 வயதை எட்டிய அதே மாதத்தில், புதிய தொடரொன்றிலும் கோகுவாக ஒலித்தார்.

இலங்கை வானொலியின் தமிழ் நாடகங்களை முகம் காட்டாமல் வாழவைத்த நம் மூத்த கலைஞர்களின் பணியும் இத்தகையதே. அவர்களை இப்போதே நேர்கண்டு, தொடர் கட்டுரைகளாக வெளியிடுமாறு தங்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.