மோசே காணிக்கையை நிறுத்தச் சொன்னாரே, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

கிறிஸ்துவுக்குள் ஸ்தோத்திரம். சென்ற மாத இதழில் ஆலயப் பிரதிஷ்டை பற்றி வந்த கட்டுரையில், தேவன் நம் நடுவில் வாசம்பண்ண வேண்டுமானால் அவருக்கு ஏற்ற மகிமையான ஆலயத்தை நாம் முதலில் கட்டிக்கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. ஆதாரமாக யாத்திராகமம் 25:8-ஐயும் போட்டிருந்தீர்கள். அச்சுக்குப் போகும் முன் நீங்கள் அதை வாசித்திருப்பீர்கள், வேதமும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் மனசு ஆறவில்லை.

அந்த வசனத்தில் ஆசைப்படுகிறவர் யார் ஐயா? "அவர்கள் நடுவிலே நான் வாசம்பண்ண" என்று கர்த்தர்தான் வாய்திறந்து சொல்கிறார். இஸ்ரவேலர் யாரும் அவரை வரச்சொல்லிக் கேட்டதாக அங்கே இல்லை. நாலு அதிகாரம் தள்ளி 29:46-ல் இன்னும் வெளிப்படையாகவே இருக்கிறது, அவர்கள் நடுவில் வாசம்பண்ணத்தான் அவர்களை எகிப்திலிருந்து புறப்படப்பண்ணினேன் என்கிறார். அவர் தங்குவதற்கென்று செய்யச்சொன்ன கூடாரத்துக்கு ஒரு பலகைகூட அறுக்கவில்லை, அதற்குள் அவர் முடிவு பண்ணியாகிவிட்டது. அப்புறம் நடந்ததையும் பாருங்கள். மலைமேல் மோசேயிடம் கூடாரத்தின் அளவெல்லாம் சொல்லி முடிக்கிற சமயத்தில் கீழே ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைச் செய்து வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். நான் உங்கள் நடுவே வரமாட்டேன் என்று அவர் சொல்லத்தான் செய்தார். ஆனாலும் மோசே மன்றாடினதும் மனமிரங்கி, 40-ஆம் அதிகாரத்தில் மேகம் வந்து மூடினது அதே ஜனங்களின் பாளயத்தில்தான். ஆட்டுமயிர்த் திரைகளால் மூடின, கழற்றி எடுத்துக்கொண்டு போகிற ஒரு கூடாரம் அவருக்குப் போதுமாயிருந்தது. தாவீது ராஜா கேதுருமர வீட்டில் இருந்துகொண்டு ஆலயம் கட்ட ஆசைப்பட்டபோதுகூட, இந்நாள்வரைக்கும் நான் கூடாரத்தில்தானே உலாவினேன், யாரிடமாவது எனக்கு வீடு கேட்டேனா என்றுதான் நாத்தான் தீர்க்கதரிசி மூலமாகச் சொல்லி அனுப்பினார்.

அதே யாத்திராகமத்தில் 36-ஆம் அதிகாரத்தை உங்கள் கட்டுரையாளர் ஏன் தொடவில்லை? கூடார வேலைக்கு வேண்டியதைவிட அதிகமாக ஜனங்கள் கொண்டுவருகிறார்கள் என்று வேலைக்காரர் வந்து சொன்னதும், இனி ஒருவரும் காணிக்கை கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளயமெங்கும் கூறச்சொன்னார். போதும் என்று ஒரு ஆலயக் கட்டடக் கமிட்டி அறிவித்ததை என் ஆயுசில் நான் கேட்டதில்லை.

எங்கள் ஊர் விஷயத்தைச் சொல்கிறேன். எங்கள் தாத்தா காலத்து ஓட்டுக் கோயில் தரையோடு தரையாக இருந்தது. ஒழுகியது உண்மை, ஆனால் யாரும் உள்ளே வரலாம். அதை இடித்து ஆள் உயரத்துக்கு மேடை போட்டு, கிரானைட் படி வைத்து, தூரத்து ஊர்வரை தெரிகிற கோபுரத்தோடு புதுக்கோயில் கட்டினார்கள். என் அம்மா சின்ன வயதிலிருந்து ஓய்வுநாள் பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர்கள், இப்போது சக்கர நாற்காலியில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் ஆராதனை கேட்கிறார்கள். திருவிருந்து மட்டும் கடைசியில் போதகர் ஐயரவர்கள் இறங்கி வந்து கொடுப்பார்கள், அதற்கு நன்றி. ஒரு சாய்தளம் போட்டுத் தாருங்கள் என்று கமிட்டியில் கேட்டதற்கு, முகப்பு அழகு போய்விடும் என்றார்கள். வாசலில் கொடுத்தவர்கள் பெயரெல்லாம் வெட்டின கல் மட்டும் ஒரு ஆள் உயரத்துக்கு நிற்கிறது.

இதே கோயிலில் அசனம் என்கிற பொது விருந்தும் நடக்கிறது. ஊரெல்லாம் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுவதற்குத்தானே நம் முன்னோர்கள் அதை வைத்தார்கள்? இப்போது பெரிய காணிக்கைக்காரர்களுக்குப் பந்தலுக்குப் பின்னால் தனி மேஜை. கல்லறைத் தோட்டத்தில் எந்தத் தெருக்காரருக்கு எந்த மூலை என்பது எழுதாமலே எல்லாருக்கும் தெரியும். இது இன்றைக்கு நேற்று வந்ததும் இல்லை. வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டின கத்தோலிக்க ஆலயத்தில் பீடம் ஒன்றாகவும், அதிலிருந்து பிரிகிற இரண்டு கூடங்கள் சாதிக்கு ஒன்றாகவும் இருந்ததும், 1910-ல் தடுப்பை இடித்ததற்கு நீதிமன்றம்வரை போனதும் உங்களுக்குத் தெரியாத சரித்திரம் இல்லை. எருசலேம் தேவாலயத்திலும் யூதரல்லாத அந்நியர் உள்தடுப்பைத் தாண்டினால் சாவுதான் என்று கிரேக்கத்தில் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள், அந்தக் கல் 1871-ல் கிடைத்தது. யூதருக்கும் அந்நியருக்கும் இடையிலிருந்த நடுச்சுவரைக் கிறிஸ்து தகர்த்தார் என்று எபேசியருக்குப் பவுல் எழுதியிருக்க, அவர் பெயரில் கட்டின கோயிலுக்குள்ளேயே நாம் சுவர் வைத்தோம்.

"கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம்" என்று சொல்லிக்கொள்கிற பொய்வார்த்தைகளை நம்பாதிருங்கள் என்று எரேமியா தீர்க்கதரிசி ஆலய வாசலில் நின்றுதான் கத்தினார். பரதேசியையும் திக்கற்றவனையும் விதவையையும் ஒடுக்காதிருந்தால் உங்களை இங்கே குடியிருக்கப்பண்ணுவேன் என்று கர்த்தர் வைத்த நிபந்தனையும் அதே அதிகாரத்தில் உண்டு. அவர்கள் கேட்கவில்லை, சாலொமோன் ஏழு வருஷம் கட்டினதை பாபிலோன்காரன் எரித்துவிட்டுப் போனான். அப்போதும் சிறைப்பட்டுப் போன ஜனங்களை அவர் விடவில்லையே! அவர்கள் போன தேசங்களில் நானே அவர்களுக்குப் பரிசுத்த ஸ்தலமாக இருப்பேன் என்று எசேக்கியேல் தீர்க்கதரிசியிடம் சொன்னார். கல்லும் இல்லை, மரமும் இல்லை, அவர் மட்டும் கூட இருந்தார்.

இயேசு சுவாமி எரிகோவில் காட்டத்திமரத்தில் ஏறியிருந்த வரிவசூல்காரன் சகேயுவை அண்ணாந்து பார்த்து, இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும் என்றார். சகேயு தன் வீட்டைச் சரிபண்ணி வைத்துவிட்டா அழைத்தான்? ஊரே முறுமுறுத்த வீடு அது. தங்க வேண்டும் என்ற ஆசை அன்றைக்கும் அவருடையதுதான். இதை விட்டுவிட்டு, நாம் கட்டிக்கொடுத்தால்தான் வருவார் என்று அச்சடித்தால், கொடுக்க வழியில்லாத வீட்டிலும் ஓலைக் கொட்டகைச் சபையிலும் ஞாயிற்றுக்கிழமை கூடுகிறவர்கள் என்ன நினைப்பார்கள் ஐயா? அங்கே அவர் வருவதில்லையா? மருத்துவமனை வார்டில் அம்மாவோடு ராத்திரியெல்லாம் முழித்திருந்து ஜெபித்தபோது அவர் அங்கே இருந்தார், அதை நான் யாருக்கு முன்னாலும் சொல்வேன்.

நான் கேட்பது இரண்டே விஷயம். அடுத்த இதழில் உள் அட்டையில் வசனம் போடுகிற கட்டத்தில் யாத்திராகமம் 36:5, 6, 7 வசனங்களை முழுசாகப் போடுங்கள். ஆலயக் கட்டட நிதிப் பட்டியலில் தொகையை எடுத்துவிட்டு, பெயர்களை மட்டும் அகரவரிசையில் வெளியிடுங்கள். இந்தக் கடிதத்துக்கு இடம் இல்லையென்றால் பரவாயில்லை, சந்தாவை நான் நிறுத்தப்போவதில்லை.

இப்படிக்கு,
கிறிஸ்துவின் பணியில்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்.