அம்மாவின் கையெழுத்து

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள தம்பி,

இங்கே எல்லாரும் நலம். உனக்குப் பதவி உயர்வு கிடைத்ததைக் கோயிலில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் தீபாவளிக்குப் பிறகு நீ அம்மாவிடம் பேசவே இல்லை. கேட்டால் வேலை என்பாய். சரி.

வீட்டு விஷயமாக எழுதுகிறேன். தாமான் (குடியிருப்பு) வீடு அம்மா பெயரில் இருப்பது உனக்குத் தெரியும், காரணமும் தெரியும். அம்மா உயில் எழுதாமல் போய்விட்டால் 1958 பங்கீட்டுச் சட்டப்படி கணவனான எனக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி உனக்கும் அக்காவுக்கும். பங்கு நியாயம்தான். அதைக் கையில் வாங்குவதுதான் பாடு. நில அலுவலகத்தில் ‘போராங் ஏ’ (விண்ணப்பப் படிவம்) கொடுத்து, விசாரணைக்கு மூன்று பேரும் போய் நிற்கவேண்டும், அல்லது சம்மதக் கடிதம் தரவேண்டும். ஒருவர் முகம் திருப்பினாலும் கோப்பு இழுத்துக்கொண்டே போகும்.

உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். அம்மா கையெழுத்துப் போடும்போது இருவரும் ஒன்றாகக் கூட இருந்து பார்த்து, அங்கேயே போடவேண்டும். நீயோ மருமகளோ சாட்சி போடாதீர்கள். போட்டால் உயில் நிற்கும், உனக்கு எழுதியது மட்டும் செல்லாமல் போகும். அக்காவுக்கும் மாப்பிள்ளைக்கும் இதையே சொல்லிவிட்டேன். லாயர் ஆங்கிலத்தில்தான் எழுதுவார். தமிழில் வாசித்து விளக்கப்பட்டது, புரிந்துகொண்டு ஒப்பினாள் என்று ஒரு வரி அதில் இருக்கவேண்டும். அம்மா தமிழிலேயே கையெழுத்துப் போடலாம். பிறகு ஜெராக்ஸ் எடுக்க மூலத்தின் ஸ்டேப்பிளை யாரும் பிடுங்கக் கூடாது. துளை இரட்டையாக இருந்தால் நடுவில் தாள் மாறியதா என்று நீதிமன்றத்தில் கேள்வி வரும்.

கெரானில் (நிலப் பட்டாவில்) அம்மாவின் பழைய 7 இலக்க ஐ.சி. (அடையாள அட்டை) எண்தான் இருக்கிறது. பெயரிலும் ஓர் எழுத்து குறைகிறது. அந்தக் காலத்தில் கிராணி (குமாஸ்தா) காதில் விழுந்ததுதான் பெயர். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சத்தியப் பிரமாணம் எடுத்து வைக்கவேண்டும். அதை அவளே இப்போதே செய்துவிடுவது நல்லது.

உயில் இறந்த பிறகுதான் பேசும். எனக்கு அதற்கு முந்தைய காலத்தை நினைத்துத்தான் கவலை. சிங்கப்பூரில் நீங்கள் எழுதும் எல்.பி.ஏ. (நீடித்த அதிகாரப் பத்திரம்) புத்தி தடுமாறிய பிறகும் செல்லும். மலேசியாவில் அப்படி ஒன்று இல்லை. இங்கே அதிகாரப் பத்திரம் கொடுத்தவருக்குத் தெளிவு போனால் பத்திரமும் போய்விடும். பிறகு 2001 மனநலச் சட்டப்படி, டாக்டர் சான்றுகளோடு ஈப்போ உயர் நீதிமன்றத்தில் மனுப் போடவேண்டும். அவள் பணத்தை அவள் மருந்துக்கு எடுக்க அத்தனை அலைச்சல். அதனால் முதலில் பேங்க் கணக்கில் அக்கா பெயரைச் சேர்க்கிறேன், இருவரில் யாரும் எடுக்கலாம் என்று.

போன வாரம் மொய் உறையில் தன் பெயரை எழுதத் தொடங்கியவள், பாதியில் பேனாவைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். நான் முடித்துக் கொடுத்தேன். நோய் என்று நான் சொல்லவில்லை. டாக்டர் என்றாலே அவளுக்குக் கோபம் வருகிறது. மறதி இருந்தாலும் உயில் எழுதலாம். தனக்கு என்ன சொத்து, யார் யார் பிள்ளைகள், யாருக்கு எதைத் தருகிறோம் என்று அவளுக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான். கையெழுத்துப் போடும் நாள் காலையிலேயே டாக்டர் பார்த்து அதை எழுதிக் கொடுக்கவேண்டும். நீ கூப்பிட்டால் அவள் வருவாள். நான் கூப்பிட்டால் வரமாட்டாள்.

உன் விஷயமும் ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு முன் மலேசியச் சேமநிதியான இ.பி.எஃப்.பில் அம்மாவை வாரிசாகப் போட்டாயே, கல்யாணம் ஆனதுமே அது ரத்து. சிங்கப்பூர்ச் சேமநிதியான சி.பி.எஃப்.பிலும் அப்படித்தான். இரண்டையும் புதிதாகப் போடு. சி.பி.எஃப். பணம் உயிலில் சேராது. மருமகள் அலைய வேண்டியிருக்கும். பெரிய படிப்புப் படித்தவன், இதை மட்டும் தள்ளிப்போடுகிறாய்.

லாயர் சாயங்காலம் வீட்டுக்கே வருவதாகச் சொன்னார். அம்மா காலையில்தான் தெளிவாக இருக்கிறாள், அதனால் காலை நேரம் கேட்டிருக்கிறேன். நீ இருக்கும்போது நடக்கவேண்டும். ஆனால் கையெழுத்து நேரத்தில் நீயும் அக்காவும் வெளியே இருங்கள். பிள்ளைகள் வற்புறுத்தி வாங்கினார்கள் என்று நாளைக்கு யாரும் பேசக் கூடாது. மறக்காதே, சாட்சி நீங்கள் இல்லை.

வரும் தேதியைச் சொல். உன் ஐ.சி.யை இரண்டு பக்கமும் படமெடுத்து வாட்சப்பில் அனுப்பு, லாயர் கேட்கிறார்.

அப்பா