குளத்து நீர்மட்டப் பக்கத்தை உருவாக்கிய மென்பொருள் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு, வணக்கம்.

பரந்தன் – முல்லைத்தீவு வீதியோரம் முரசுமோட்டையில் கொமினிகேசன் கடை வைத்திருக்கிறேன்; கடையில் ஆள் இல்லாத நேரத்தில் இணையச் செயலிகளுக்கு நிரல் எழுதிக் கொடுக்கிறேன். ஆகவே குளங்களின் நீர்மட்டத்தையும் வான்கதவு நிலையையும் காட்டும் உங்கள் இணையப் பக்கத்தை மேசைக்கு இரண்டு பக்கமும் இருந்து பார்க்கிறவன் நான். நிரலை யாரும் படிக்கும்படி திறந்து வைத்திருப்பதற்கு முதலில் நன்றி. அப்படி வைத்திருந்ததால்தான் இந்த மடலை ஊகத்தில் எழுதாமல் வரிவரியாகப் படித்த பிறகு எழுத முடிந்தது.

கடந்த காலபோகத்தில் மழை விடாமல் பெய்த ஓர் இரவு, பக்கத்து வயற்காரர் ஒருவர் குடையை மடக்காமலே வாசலில் நின்று, "தம்பி, இரணைமடுக் குளத்துக் கதவு எத்தினை அடி திறந்திருக்கினம் எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்றார். 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட ஊர் இது. அந்தக் கேள்வியை இங்கே யாரும் பொழுதுபோக்குக்காகக் கேட்பதில்லை. உங்கள் பக்கத்தைத் திறந்தேன். வெள்ளைத் திரைதான் வந்தது. மறுபடி திறந்தேன், நெடுநேரம் கழித்து 500 என்ற சேவையகப் பிழை வந்தது. அவர் போனபின் காரணத்தைத் தேடினேன். குளத்தின் அளவீடு நல்லபடியாகவே கிடைத்திருந்தது. செய்தித் தொகுப்பைத் தரும் வேறொரு சேவையகம்தான் அன்று விழுந்து கிடந்தது.

நீங்கள் பயன்படுத்தும் நக்ஸ்ட் என்ற இணைய நிரல் சட்டகத்தில் பக்கம் சேவையகத்திலேயே தயாராகி, முழு எச்டிஎம்எல் ஆக வெளியே வருகிறது. அதற்குத் தேவையான தரவு ஒத்திசையாமல், ஒவ்வொன்றும் தன் தன் நேரத்தில் வந்து சேரும். நீர்மட்டம், வான்கதவு நிலை, மழைவீழ்ச்சி, வீதி நிலைமை, செய்தி என்று ஐந்து மூலங்களையும் நீங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அவெயிட் (இது வரும்வரை காத்திரு என்ற கட்டளை) போட்டு எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றும் இரண்டு வினாடி எடுத்தால், பத்து வினாடிக்குப் பின்னர்தான் முதல் எழுத்து எங்கள் திரைக்கு வரும். ஒன்றையொன்று நம்பியிராத இந்த ஐந்தையும் ஒரே நேரத்தில் அனுப்பியிருந்தால் இரண்டு வினாடி போதும். ஆனால் எல்லாவற்றையும் பிராமிஸ்.ஆல் என்று கட்டிவிடுவதும் சரிவராது, ஏனென்றால் அதில் ஒன்று தவறினாலும் முழுக்கட்டும் தவறியதாகிவிடும். பிராமிஸ்.ஆல்செட்டில்ட் என்ற கட்டளையோ கிடைத்ததையும் கிடைக்காததையும் தனித்தனியே சொல்லும். அதோடு ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு கால எல்லையும் வேண்டும்.

அண்மையில் லேசி (தரவு வருமுன்பே பக்கத்தைக் காட்டு) என்ற தெரிவைச் சேர்த்து, "இனிப் பக்கம் காத்திருக்காது" என்று குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். அது தளத்துக்குள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது மட்டுமே உண்மை. முகவரியைத் தட்டி முதன்முதலாகத் திறக்கிறவருக்குச் சேவையகம் முன்போலவே எல்லாத் தரவுக்கும் காத்து நிற்கும். இங்கே வருகிறவர்களில் அநேகர் அப்படித் திறக்கிறவர்கள்தான். செய்தி, மழை, வீதி மூன்றையும் பக்கம் தயாரிக்கும்போது சேவையகம் கேட்பதை நிறுத்திவிட்டு, பக்கம் வந்து சேர்ந்தபின் உலாவி கேட்கும்படி விடுங்கள். ஆனால் மூன்று தனிக் கோரிக்கைகளாக விட வேண்டாம். உங்கள் சேவையகத்துக்கும் அந்த மூலங்களுக்கும் இடையிலான வழி அகலமானது. மழையில் ஒற்றைக்கோட்டுச் சிக்னலில் கிடக்கும் போனிலிருந்து உங்களிடம் வரும் வழிதான் ஒடுக்கமானது. மூன்றையும் உங்கள் சேவையகத்திலேயே ஒன்றாகக் கட்டி, ஒரே பதிலாகத் தாருங்கள்.

நீர்மட்டத்துக்கும் கதவு நிலைக்கும் மட்டும் சேவையகம் காத்திருக்கட்டும். அவை எச்டிஎம்எல்லிலேயே எழுதப்பட்டு வந்தால், பின்னால் வரவேண்டிய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு பாதியில் அறுந்தாலும் மனிதர் எண்ணைப் படித்துவிடுவார். சேவையகத்தில் பக்கம் தயாரிப்பதன் பயனே அதுதானே. அந்த மூலமும் பதில் தராவிட்டால் கடைசியாகக் கிடைத்த அளவீட்டை, அளந்த நாளையும் நேரத்தையும் பெரிய எழுத்தில் போட்டுக் காட்டுங்கள். நேரம் இல்லாத நீர்மட்டத்தை நம்பி யாரும் மாட்டை அவிழ்க்க முடியாது.

இன்னொன்று: கதவு நிலையைக் கேட்கும் இடத்தில் மட்டும் யூஸ்ஃபெட்ச்சை விட்டு நேரடியாக டாலர்ஃபெட்ச்சை அழைத்திருக்கிறீர்கள் (இரண்டும் தரவைக் கேட்கும் நக்ஸ்ட் கட்டளைகள்). சேவையகத்தில் ஒரு முறை கேட்டதை உலாவி மறுபடி ஒரு முறை கேட்கிறது. யூஸ்ஃபெட்ச் என்றால் சேவையகம் பெற்ற தரவு பக்கத்தோடேயே கட்டிக் கொடுக்கப்பட்டு, உலாவி அதையே எடுத்துக்கொள்ளும். நீர்மட்டத்துக்கு அதைச் சரியாகச் செய்திருக்கிறீர்கள். ஆனால் காட்டுவது நாலைந்து எண்கள், கட்டி அனுப்புவதோ மூலம் தரும் முழு வரலாறும். தேவையான புலங்களை மட்டும் பிக் என்ற தெரிவால் பொறுக்கி அனுப்பினால் ரீலோட் போட்டு நெற் பார்க்கிறவருக்கு அது காசு மிச்சம்.

எனக்கு உண்மையில் பயம் தருவது வேறு. பயனர் தெரிந்தெடுத்த குளத்தின் பெயரை, கூறின் செட்டப்புக்கு (ஒவ்வொரு முறையும் புதிதாக ஓடும் பகுதிக்கு) வெளியே, கோப்பின் உச்சியில் ஒரு ரெஃப் (மதிப்பைத் தாங்கும் பெட்டி) ஆக வைத்திருக்கிறீர்கள். உலாவியில் அது ஒருவருக்கே உரியது. சேவையகத்தில் அந்தக் கோப்பு ஒரே தடவைதான் ஏற்றப்படும், வருகிற எல்லோருக்கும் அதே ரெஃப். தரவுக்காக ஒருவரின் கோரிக்கை காத்துக்கிடக்கும் இடைவெளியில் இன்னொருவர் வவுனிக்குளத்தைத் தெரிந்தெடுத்தால், இரணைமடு கேட்டவருக்கு வவுனிக்குளத்தின் கதவு நிலை போய்ச் சேரலாம். உங்கள் அலுவலகத்தில் ஒருவர் தனியாகச் சோதிக்கும்போது இது ஒருநாளும் தெரியாது; நூறு பேர் ஒன்றாகத் திறக்கும் மழை இரவில்தான் தெரியும். அதற்குப் பதில் நக்ஸ்டின் யூஸ்ஸ்டேட்டைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி நிலை கிடைக்கும். மற்றவை தாமதமானாலும் இதை இந்த வாரமே திருத்துங்கள்.

இந்தக் கடைசித் திருத்தத்தையும் டாலர்ஃபெட்ச் மாற்றத்தையும் நானே எழுதி உங்கள் நிரல் களஞ்சியத்துக்கு அனுப்பியிருக்கிறேன். எதற்குக் காத்திருப்பது, எதை விடுவது என்பதைக் குளத்துக்குப் பொறுப்பானவர்களோடு பேசித்தான் நீங்கள் முடிவு செய்ய வேண்டும் என்பதால் அதில் கைவைக்கவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னர் சோதித்துப் பார்க்க விரும்பினால், என் கடையில் உள்ள பழைய போனும் மோசமான சிக்னலும் எந்த நாளும் தயார்.

இப்படிக்கு,
முரசுமோட்டையிலிருந்து ஒரு கொமினிகேசன் கடைக்காரன்